செழியனின் சோத்துக்கை

செப்டம்பர் 2, செவ்வாய்

பிரஷர் மாத்திரையை டாக்டர் கூட்டிவிட்டார். "வீட்டில் கத்துவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று வேறு சொன்னார். வசந்தாவுக்கு அது போதாதா? வரும் வழியிலேயே காஸ்ட்கோ கடையில் நிறுத்தி இந்த நோட்டை வாங்கிக் கையில் கொடுத்தாள். "இனிமே கத்தறதெல்லாம் இதுல கத்துங்க."

சரி, கத்துகிறேன். என் மகன் செழியன் பள்ளிக்கூட டீமின் குவார்டர்பேக். பன்னிரண்டாவது படிக்கிறான், பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருஷம். சீசன் தொடங்குவதற்கு முன்னால் நடந்த ஒத்திகை ஆட்டத்தில் பந்தை வீசி முடித்த வலது கை, எதிரே பாய்ந்து வந்தவனின் ஹெல்மெட்டில் போய் மோதிவிட்டது. மோதிர விரலுக்குக் கீழே, உள்ளங்கை எலும்பு உடைந்துபோயிற்று. ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரம் ஆடலாம் என்றார் சர்ஜன்.

ஈரோட்டிலிருந்து தம்பி போன் பண்ணினான். "ஏண்ணா, ஃபுட்பால்னா கால்ல தான ஆடுவாங்க? கை ஒடைஞ்சா என்ன?" அவனுக்கு என்னத்தை விளக்குவது? இந்த அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையால்தான் எறிய வேண்டும். எறிகிறவன் ஒரே ஒருத்தன், குவார்டர்பேக். அவன் கை போனால் ஆட்டமே போச்சு. "சரி விடுடா"ன்னு போனை வெச்சுட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆட்டத்துக்குப் போனேன். செழியன் ஓரத்தில் கட்டுப்போட்ட கையோடு நின்றான். அவனுக்குப் பதில் மேசன் ஆடினான். நல்ல பையன்தான். ஆனால் வீச்சு போதாது.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். நம் வழக்கத்தில் அப்பன் பேர்தானே பிள்ளைக்குக் கடைசிப் பேர்? அவன் சட்டை முதுகில் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை 'கோபாலசாமி' என்றுதான் இருக்கும். நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பேரை முழுசாக ஒருத்தனும் சொன்னதில்லை. ஆபீசில் நான் வெறும் 'கோ'. போன வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஊர் ஆலன் பக்கத்து ஜனம் மொத்தமும் எழுந்து நின்று "கோபாலசாமி! கோபாலசாமி!" என்று கத்தியது. பையனைத்தான் கத்துகிறார்கள், தெரியும். இருந்தாலும் புல்லரிக்குமே ஐயா!

இன்றைக்கு வேறு பேர். பாதி ஆட்டத்தில் கிளம்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

குவார்டர்பேக்கின் அப்பா என்று எனக்கு முன்வரிசையில் ஒரு இடம் வைத்திருப்பார்கள். இன்று அங்கே மேசனின் அப்பா. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "உட்காருங்க, உட்காருங்க" என்று சிரித்துவிட்டு மேலே போய் உட்கார்ந்தேன். ஒரு கை உடைந்தால் இவ்வளவுதானா? போங்கய்யா.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி சனிக்கிழமை. வீட்டில் ஆட்டுக்கால் கொதிக்கிறது.

என் அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பார். பெருமாள் பேரை வைத்துக்கொண்டு புரட்டாசியில் ஆட்டுக்கால்! வசந்தா சமையல்கட்டுப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள். நானே போய் வாங்கி, நானே சுத்தம் பண்ணி, மிளகு தட்டிப் போட்டு வைத்தேன். எலும்பு சேர இதைவிட மருந்து எது? பெருமாளிடம் கேட்டுக்கொண்டேன், பாவம் என் கணக்கில் இருக்கட்டும், பையன் கை வரட்டும்.

இரண்டு கிண்ணம் குடித்தான். இடது கையால் கரண்டி பிடித்துத்தான். பார்க்க மனசு என்னவோ பண்ணிற்று.

அக்டோபர் 1, புதன்

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு அருமையாகச் சேர்ந்திருக்கிறதாம்! குளிக்கும்போது மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த கட்டை எடுத்துவிட்டுப் பட்டை மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆனால் கைப்பிடியின் பலத்தை அளக்கும் மெஷினில் முள் பாதிகூட ஏறவில்லை. "வலிக்குதா?" என்று சர்ஜன் கேட்டார். "யா, எ லாட்" என்றான். நரம்பு தகட்டோடு ஒட்டியிருக்கலாம், சிலருக்கு நாளாகும், அவன் சரி என்று சொல்லும்போது கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

ஆயுத பூஜை. என் லேப்டாப், கயலின் வயலின், வசந்தாவின் கார் சாவி, நடுவில் அவன் பந்து. பந்துக்குப் பெரிய பொட்டாக வைத்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பூஜையில் வைத்ததை இன்றைக்கு எடுத்துத் தொட வேண்டும் இல்லையா? "ஒரே ஒரு தடவை, சாஸ்திரத்துக்கு. கயல்கிட்ட மெதுவா வீசு கண்ணு" என்றேன். கயல் அவன் தங்கச்சி, ஒன்பதாவது படிக்கிறாள். கொல்லைப்புறத்தில் நாலு பேரும் நின்றோம். பந்தை எடுத்தான். விரல் சுருங்கியது. முகத்தைச் சுளித்தான். பந்து நழுவிக் கீழே விழுந்தது.

"சாரிப்பா" என்றான்.

"சாரி எதுக்குடா? வரும், வரும்" என்று முதுகைத் தட்டிவிட்டு உள்ளே போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வசந்தா வெளியே நின்று கதவைத் தட்டினாள். என்னவோ சொல்ல வந்தாள். நான் திறக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

தோல்வி. இந்தியன் கடையில், பெட்ரோல் பங்க்கில், ஆபீசில் எல்லாம் ஒரே கேள்வி: "கை எப்ப சரியாகும்?" சீக்கிரம், சீக்கிரம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

அக்டோபர் 18, சனி

எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

தீபாவளிக்கு முன்னால் கோயிலுக்குப் போய்விட்டு வரலாமென்று செழியனைக் கூட்டிக்கொண்டு போனேன். கை நல்லபடி வந்தால் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். வராவிட்டால் என்ன, முன்கூட்டியே போட்டுவிடலாம், பிள்ளையார் என்ன கோபித்துக்கொள்வாரா? இரண்டு தேங்காய் வாங்கினேன். ஒன்றை நான் போட்டேன். இன்னொன்றை அவனிடம் கொடுத்து, "தொட்டுக் கும்பிட்டுட்டு வெச்சிரு, நானே போடறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை ஓரமாகத் தள்ளிவைக்கத் திரும்பினேன். பின்னாலே கூட்டம். யாரோ "சீக்கிரம் போடுப்பா தம்பி" என்றார்கள்.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் இடது கையில் இருந்தது தேங்காய். பார்த்தான். இடது கையால சாமி காரியம் செய்வானா? நடக்கப் பழகின நாளிலிருந்து அவன் தலையில் குட்டிக் குட்டி நான் சொல்லிக்கொடுத்தது அது. விபூதி வாங்கினாலும் சோத்துக்கை, தீர்த்தம் வாங்கினாலும் சோத்துக்கை, பூ போட்டாலும் சோத்துக்கை. தேங்காயை வலது கைக்கு மாற்றினான். கண்ணை மூடினான். தோள் திரும்பிற்று, இடுப்பு திரும்பிற்று, கடைசியில் மணிக்கட்டில் ஒரு சொடுக்கு. போன வருஷம் ஸ்டேடியத்தில் நான் பார்த்த அதே வீச்சு! ஒரு சில்லுகூடப் பெரிசாகத் தேறவில்லை, தூள் தூள். "சபாஷ்" என்றார் பின்னால் நின்றவர்.

நான் ஓடினேன். சந்தோஷத்தில்தான் ஓடினேன், சாமி சத்தியமா. "கை வந்துருச்சுடா! வலிக்குதா? வலிக்கலையா?" என்று அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தேன். பிடிபட்ட திருடன் முகம்.

அப்பவும் எனக்கு உறைக்கலை. காரில் ஏறியதும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்குள் நுழைந்ததும், "வசந்தா, இவன் தேங்காய் ஒடைச்சான், சோத்துக்கையால!" என்று கத்தினேன். அவள் "நெசமாவா?" என்று கேட்கவில்லை. ஐயோன்னு சொல்லலை, அம்மான்னு சொல்லலை. என்னைத் தாண்டி அவனைப் பார்த்தாள். மாடிப்படியில் நின்ற கயலும் அவனைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது.

"எப்பலேருந்து?" என்றேன்.

"ஆயுத பூஜைக்கு முன்னாடியே" என்றாள் வசந்தா. "நானும் பாத்துட்டுதான் கேட்டேன். கட்டைக் கழட்டி வெச்சுட்டுக் கொல்லையில கயலோட வீசிட்டிருந்தான். நல்லாவே வீசினான். உங்ககிட்ட சொல்லாதீங்கம்மான்னு அழுதான்."

அப்போ விஜயதசமி? பந்து நழுவி விழுந்துதே, முகத்தைச் சுளிச்சானே, அது என்ன? நாடகம். எனக்கு மட்டும் போட்ட நாடகம். மூணு பேரும் கூட நின்னு பாத்துட்டிருந்திருக்காங்க. நான் பாத்ரூம்ல அழுதது வெளிய கேட்டிருக்கு. கேட்டும் வசந்தா சும்மா இருந்திருக்கா!

காதுல பூ சுத்திட்டாங்க. கூடவே உக்காந்து சாப்பிட்டுட்டு எனக்குப் பட்டை நாமம் போட்டுட்டாங்க.

புரட்டாசில ஆட்டுக்கால் வேக வெச்சேனேடா பாவி! அப்புறமும் வாராவாரம் வெச்சேனே! மடக் மடக்குன்னு குடிச்சியே, தொண்டையில எப்படி எறங்குச்சு?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புதுச்சட்டை போடவில்லை. வசந்தா தட்டில் அதிரசம் வைத்தாள். அப்படியே இருக்கிறது. ஊரிலிருந்து தம்பி வீடியோ காலில், "என்னண்ணா டல்லா இருக்கீங்க" என்றான். வேலை ஜாஸ்தி என்றேன். எதிரில் மூன்று பேரும் சிரித்துக் கைகாட்டினார்கள். நடிப்பதற்கு இந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்டோபர் 23, வியாழன்

இன்றைக்கு அவனே கராஜுக்கு வந்தான். நான் காருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"அப்பா, கேன் ஐ டாக்?"

"பேசு. பொய் பேசறதுக்கு என் பர்மிஷன் கேட்டியா?"

டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். அப்புறம் பாதி தமிழ், பாதி இங்கிலீஷில் சொன்னான். போன வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாந்தி எடுத்திருக்கிறான். பந்து கைக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் நாலு பேர் மேலே விழப்போகிறார்கள் என்று முதல்நாளே தூக்கம் போய்விடுமாம். வாந்தி எனக்கும் தெரியும்! பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் இருப்பதுதான் என்று நானேதான் தைரியம் சொன்னேன். கை உடைந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இந்த சீசன் ஆரம்பத்தில் ஆட முடியாது என்று சர்ஜன் சொன்னபோது அவனுக்குத் தூக்கம் வந்ததாம். நிம்மதியான தூக்கம்.

"அப்ப விட்டுட்டேன்னு சொல்லேன்டா! எதுக்கு இந்த வேஷம்?"

"விட்டுட்டா எல்லாரும் குவிட்டர்னு சொல்வாங்கப்பா. நான் கேப்டன். அடிபட்டா யாரும் மேட் ஆக மாட்டாங்க. எல்லாரும் நைஸா இருக்காங்க." அப்புறம் மெதுவாக, "நீங்ககூட" என்றான்.

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா ஓகேன்னு சொல்லியிருப்பீங்களா?"

பம்ப்பின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். ஓகேன்னு சொல்லியிருப்பேனா? மாட்டேன். மாட்டேன்தான். அதுக்காக? அப்பன்னா ஒரு முட்டாள், அவன் தலையில் எதை வேணா கட்டலாம்னு ஆயிடுமா? அவன் பயந்தது தப்பில்லை. என்னை ஏமாத்தினது தப்பு. ரெண்டும் வேற வேற. நான் அழறதைக் கேட்டுட்டும் சொல்லாம இருந்தான் பாரு, அதை எப்படி மறக்கறது?

அக்டோபர் 24, வெள்ளி

ஆட்டத்துக்குப் போகவில்லை. ஜெயித்தார்களாம். ஜெயிக்கட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

கோச்சுக்கு போன் போட்டேன். மூன்றாவது மணியில் கட் பண்ணிவிட்டேன்.

சொல்லிவிட்டால் என்ன? "பையனுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறான், இறக்குங்கள்" என்று ஒரே வாக்கியம். இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது, இரண்டையும் ஜெயித்தால் அடுத்த சுற்று. மேசன் எத்தனை நாள் தாங்குவான்? ஊரே என் பையனை எதிர்பார்க்கிறது. நான் மட்டும் எதற்கு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்? என் மனசை யார் பார்த்தார்கள்?

வசந்தா என் கையில் போனைப் பார்த்துவிட்டாள். இத்தனை நாள் நான் பேசாமல் இருந்ததற்கு அவளும் பேசாமல்தான் இருந்தாள். இன்று வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, சொல்லோணும்னா சொல்லுங்க. நான் தடுக்கலை. நீங்க சொன்னீங்கன்னா அவன் ஆடுவான், வேற வழியில்லை அவனுக்கு. நீங்க கேட்ட மாதிரி சட்டையைப் போட்டுட்டு எறங்குவான். அதுக்கப்புறம் ஒரு விசயம்கூட அவன் வாயிலிருந்து உங்களுக்கு வராது. கல்யாணம் ஆனாலும் ஊரார் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும்."

"நீ மட்டும் யோக்கியமா? இத்தனை வருசம் குடும்பம் நடத்திட்டு, எனக்கே குழி பறிச்சியே?"

"பறிச்சேன்தான்" என்றாள். "அன்னிக்குக் கதவைத் தட்டினேன். நீங்க தொறந்திருந்தா சொல்லியிருப்பேன். தொறக்கலை. எனக்கும் தைரியம் போயிருச்சு." அவள் கண்ணில் தண்ணீர். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

போனேன். யாருக்கும் சொல்லாமல் போய் எதிரணிக்காரர்கள் பக்கம் மேலே உட்கார்ந்தேன். வேவு பார்க்கத்தான் போனேன், வேறென்ன?

ஆட்டத்துக்கு முன்னால் செழியன் ஓரமாக நின்று நாச்சோஸ் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை அவன் எதையாவது தின்று நான் பார்த்ததே இல்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மேசன் வெளியே வரும்போதெல்லாம் அவன் தோளில் கைபோட்டு என்னவோ சொன்னான். மேசன் தலையாட்டிவிட்டுப் போய் அதே மாதிரி வீசினான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இவனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன்? சின்ன வயசில் பட்டம் விடும்போது இப்படிச் சிரிப்பான்.

இந்தச் சிரிப்பை என்னிடம் மறைத்துத்தானே வைத்திருந்தான். அது இன்னும் வலிக்கிறது.

ஜெயித்துவிட்டார்கள். அடுத்த வெள்ளி கடைசி ஆட்டம்.

நவம்பர் 6, வியாழன்

நாளைக்கு சீனியர் நைட். கடைசி வருஷத்துப் பிள்ளைகளை அப்பா அம்மா நடுவில் விட்டு மைதானத்தில் நடத்திக் கூட்டிப் போவார்கள். "வருவீங்களா?" என்று கயல் வந்து கேட்டாள். அவனுக்குக் கேட்கத் தைரியமில்லை, தூது.

"பாக்கலாம்" என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

போனேன். வசந்தா பட்டுச்சேலையில், நான் இஸ்திரி போட்ட சட்டையில். மைதானத்து ஓரம் வரிசையில் நின்றோம். செழியன் நடுவில். வலது கையில் பட்டை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோச் நேராக என்னிடம் வந்தார். ஆறடிக்கு மேலே இருக்கிற மனுஷன், குனிந்து தணிந்த குரலில் பேசினார். இன்றைக்குத் தோற்றால் சீசன் முடிந்தது, மேசனுக்கு முழங்கால் பிடித்திருக்கிறது, செழியன் கை எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கிறதாம். சர்ஜன் கையெழுத்துப் போடத் தயார், பையன்தான் வலி என்கிறான். "அவனோட ஒரே வீட்டில் இருக்கிறவர் நீங்கள். உங்கள் வார்த்தை எனக்குப் போதும். கை எப்படி இருக்கிறது? இரண்டாவது பாதி மட்டும் இறக்கட்டுமா?"

செழியனுக்குக் கேட்டது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. உண்மை வாய்வரைக்கும் வந்தது. பிள்ளையார் சாட்சியாக வந்தது. ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"இல்லை கோச்" என்றேன். "கை இன்னும் வரவில்லை. ஒரு டம்ளரைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடிவதில்லை. இந்த வருஷம் வேண்டாம்."

எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்! அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "புரிகிறது சார்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். என்ன புரிந்ததோ.

எங்களை நடக்கச் சொன்னார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசிற்று. இரண்டடி எடுத்து வைத்ததும் என் கைக்குள் ஒரு கை வந்தது. அவன் வலது கை. அப்படியே இறுக்கினான். என் விரல் எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி ஒரு பிடி. உயிரே போய்விட்டது.

ஜனங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வாயைத் திறக்காமல் சொன்னேன்: "மெல்லப் புடிடா, கோச் பாக்கறாரு."